‘புதிய ஆய்வில் அதிர்ச்சித் தகவல்’ வந்தால் என்ன செய்யலாம்? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, முதலில் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீதியை வேலை முடிந்தபிறகு நிதானமாகப் படித்துக்கொள். புதிதாக ஓர் ஆய்வு வந்திருக்கிறது என்று டிவியிலோ போனிலோ பார்த்த அன்றைக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த எந்த மாத்திரையையும் நிறுத்தாதே. பிள்ளைக்குப் போட வேண்டிய தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. அந்தச் செய்தியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதே. முட்டை சாப்பிடலாமா, காபி குடிக்கலாமா என்பதையெல்லாம் இரண்டு நாள் கழித்து முடிவு செய்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இந்த மூன்றில் அவசரப்பட்டால் மட்டும், பிறகு வருத்தப்பட்டுப் பயனிருக்காது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆய்வு சொன்ன ஆபத்து சின்னதாக இருந்து, அதைக் கேட்டு ஜனங்கள் பதறியதால் வந்த கேடு பெரிதாகப் போன கதை உலகத்தில் பல முறை நடந்திருக்கிறது.

இரண்டு மடங்கு என்றால், எத்தனையிலிருந்து எத்தனை?

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைக் கேள். அப்போது புதிதாக வந்திருந்த சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை விட்டது. டிவியிலும் பத்திரிகையிலும் அதுதான் தலைப்புச் செய்தி. எத்தனையோ பெண்கள் பாதி அட்டையிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த இரண்டு மடங்குக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்: பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புது மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் இரண்டு பேருக்கு வந்தது. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதான், சொன்னது பொய்யில்லை. ஆனால் கூடுதலாக ஆபத்துக்கு ஆளானவர் 7,000 பேரில் ஒருவர். இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அத்தனை பேர் பயந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எதற்குப் பயந்து ஓடினார்களோ, அதைவிடப் பெரிய ஆபத்தின் பக்கமே பல பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அந்தப் பெண்கள் பக்கம் ஒரு குற்றமும் கிடையாது. அவர்கள் கைக்கு அரைக் கணக்குதான் வந்து சேர்ந்தது.

ஆகவே ‘மடங்கு’, ‘சதவீதம் அதிகம்’ என்று எதைப் படித்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு கோடு போடு. முன்பு நூறு பேரில் எத்தனை பேருக்கு? இப்போது எத்தனை பேருக்கு? இரண்டு இடத்தையும் நிரப்பப் பார். நிரப்ப முடியவில்லை என்றால் அந்தச் செய்தி உனக்கு வேண்டியதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். வேறு இடத்தில் தேடு, அல்லது விட்டுவிடு. 2015-இல் சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று வந்ததே, அதை இப்படிப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டன் கணக்குப்படி வாழ்நாளில் நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு வருகிற நோய் அது. தினமும் அந்த அளவு சாப்பிடுகிறவர்கள் நூறு பேரில் ஏழு பேருக்கு வரும். குறைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரு துண்டு தின்றதற்காக ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டியதில்லை.

ஒரே பட்டியலில் இருந்தால் ஒரே ஆபத்தா?

அந்தச் செய்தி வந்தபோது, ‘சிகரெட்டும் சாசேஜும் ஒன்று’ என்று பேசாத ஆளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும் முதல் பிரிவில் வைத்ததால் வந்த பேச்சு. அந்த முகமை பொருள்களைப் பிரிப்பது, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைப் பார்த்து. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அந்தப் பிரிவு சொல்வதே இல்லை. இரண்டு பொருள்கள் மீதும் சான்று உறுதி, அவ்வளவுதான். சிகரெட் கொல்லும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட சாசேஜ் வராது.

2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு அந்த முகமையின் பட்டியலில் வந்தபோதும் இதே கலவரம். சர்க்கரை நோயாளிகள் பலர் பயந்தார்கள். அதை வைத்தது 2பி பிரிவில், அதாவது சான்று குறைவு, இன்னும் பார்க்க வேண்டும் என்ற இடத்தில். அதே நாளில் உணவுச் சேர்மானங்களைப் பார்க்கும் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் குளிர்பானம் குடிக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சொன்னவர்கள் குறைவு.

இதே பட்டியலில் நம் வீட்டுக்குப் பயன்படும் இரண்டு தகவல் உண்டு, அவற்றை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2016-இல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதே சமயம் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்று எச்சரித்தார்கள். டபராவில் நாலு ஆற்று ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை விட்டுவிடாதே. இன்னொன்று பாக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே முதல் பிரிவில் வைத்தாயிற்று. டயட் கோலாவுக்குப் பயப்படும் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு பாக்குப் பொட்டலம் கைமாறுகிறது. பயப்பட வேண்டுமானால் அந்தப் பொட்டலத்துக்குப் பயப்படு. மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் உடனே பல் டாக்டரிடம் காட்டு.

யாரை வைத்து ஆய்வு செய்தார்கள்?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எலியா, மனிதரா என்று முதலில் பார். எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று நிச்சயமில்லை. அடுத்து, எத்தனை பேர் என்று பார். 2015-இல் ஜான் பொஹன்னன் என்ற பத்திரிகையாளர், சத்து ஆராய்ச்சிகளைப் பத்திரிகைகள் எவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு போடுகின்றன என்று காட்டவே ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தினார். 15 பேர், மூன்று வாரம். ஒரு பிரிவினருக்கு மட்டும் தினம் கொஞ்சம் டார்க் சாக்லேட். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விதமாக அளந்தார். இவ்வளவு கொஞ்சம் பேரை இவ்வளவு விதமாக அளந்தால் ஏதாவது ஒன்றாவது தற்செயலாகப் பொருந்தி வந்தே தீரும். ‘சாக்லேட் தின்றால் சீக்கிரம் எடை குறையும்’ என்பது பொருந்தி வந்தது. பல நாட்டுப் பத்திரிகைகளில் செய்தியானது. பிறகு அவரே உண்மையை வெளியிட்டார். அந்தச் செய்தியை நம்பி சாக்லேட் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், நீயே சொல்.

நீ மாசமாக இருந்தபோது வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டுப் போட்டாயே, அப்படிச் செய்தால் பிள்ளைக்கு அறிவு வளரும் என்ற பேச்சு கிளம்பியதும் இப்படித்தான். 1993-இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட் இசையைப் போட்டு ஒரு சோதனை செய்தார்கள். காகிதம் மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற கணக்கில் மாணவர்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான். அதில் குழந்தையே இல்லை. ஆனாலும் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். பாட்டுப் போட்டதில் தப்பில்லை தங்கச்சி, உனக்கும் மனசுக்கு இதமாக இருந்திருக்கும். மகனுக்குக் கணக்கு வரவில்லையே என்று அதோடு முடிச்சுப் போடாமல் இருந்தால் போதும்.

பிள்ளைக்கு இனிப்பு வைத்துப் பரீட்சை நடத்தாதே

மனோதத்துவ ஆய்வுகளில் நம் தாய்மார்களை அதிகம் ஆட்டிவைத்தது மார்ஷ்மெல்லோ சோதனை. தட்டில் ஒரு மிட்டாய் வைத்து, ‘நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபிறகு நல்ல மதிப்பெண் வாங்கினார்கள் என்று 1990-இல் எழுதியபோது உலகமே பிடித்துக்கொண்டது. இப்போது பால்வாடி வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஜாங்கிரியை வைத்து வீடியோ எடுக்கிறார்கள். கை நீட்டிய பிள்ளையை, ‘இவனுக்குக் கட்டுப்பாடே கிடையாது, எதிர்காலத்தில் என்ன ஆவானோ’ என்று அவன் காதுபடவே சொல்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அந்த மதிப்பெண் கணக்கு நூறுக்கும் குறைவான பிள்ளைகளை வைத்துப் போட்டது. அவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள். 2018-இல் டைலர் வாட்ஸும் இன்னும் இருவரும் 900-க்கு மேற்பட்ட, பல தரப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. வீட்டுச் சூழலையும் தாயின் படிப்பையும் கணக்கில் சேர்த்ததும் பெரும்பகுதி காணாமல் போயிற்று. காத்திருந்த பிள்ளைக்கு மனஉறுதி அதிகம் என்று நினைத்த இடத்தில், வீட்டில் அலமாரி நிறைந்திருந்தது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

2013-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒரு சின்ன சோதனை எனக்குப் பிடித்தமானது. மிட்டாய் வைப்பதற்கு முன்னால், ‘நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்’ என்று பெரியவர் சொல்வார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பிள்ளைகளிடம் ‘இல்லையே’ என்று கையை விரித்தார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிஷம்தான். இதுவும் 28 பிள்ளைகளை வைத்துச் செய்ததுதான், ஆகவே இதையும் வேதமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் இதன்படி நடப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் கூட்டிப்போ.

மனநல மாத்திரை பற்றி

இங்கேதான் நீ நின்று படிக்க வேண்டும். 2022 ஜூலையில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜோன்னா மொன்கிரீஃபும் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளையில் செரோட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று பல காலமாகச் சொல்லிவந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்றது அது. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது வேறு செய்தி: ‘மனச்சோர்வு மாத்திரை எல்லாம் ஏமாற்று.’

அந்தக் கட்டுரை, மாத்திரை வேலை செய்கிறதா என்று சோதிக்கவே இல்லை. நோய் ஏன் வருகிறது என்ற ஒரு விளக்கத்தைத்தான் ஆராய்ந்தது. பாரசிட்டமால் போட்டால் ஜுரம் இறங்குகிறது, உடம்பில் பாரசிட்டமால் குறைந்ததால் ஜுரம் வந்தது என்று அதற்கு அர்த்தமா? மாத்திரை வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானியின் குழு பதில் தேடியிருக்கிறது. 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிடப் பலன் தந்தன. பலன் எல்லாருக்கும் ஒரே அளவில்லை, சராசரியாகப் பார்த்தால் மிதமானதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏமாற்று என்பது பொய்.

என் புகுந்த வீட்டு உறவில் ஒரு பெண். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரை அட்டையை பீரோவில் பட்டுப்புடவை அடுக்குக்கு அடியில் வைத்திருப்பாள். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, விளக்குப் போடாமல், கையால் தடவி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அட்டை உடைபடும் சத்தம் கேட்கக்கூடாது என்று முதலிலேயே பிரித்து ஒரு பொட்டு டப்பாவில் போட்டுவைத்த நாளும் உண்டு. அவளுக்கு அந்தச் செய்தி ஒரு ஃபார்வர்டாக வந்தது. ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அன்றைக்கே நிறுத்திவிட்டாள். சில நாளில் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஓர் உணர்வு, தூக்கமே இல்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோனாள். திடீரென்று நிறுத்தியதால் வருகிற தொந்தரவு அது என்று டாக்டர் விளக்கி, பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்து, நிலைமை சீரானபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவந்தார். நிறுத்த வேண்டும் என்று அவள் விரும்பியதில் தவறே இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழி டாக்டர் மூலமாகத்தான்.

உனக்கோ உன் தோழிக்கோ இப்படி ஒரு மாத்திரை இருந்தால், செய்தியை போனில் சேமித்துவை. அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் காட்டி, ‘இதைப் படித்தேன், எனக்கு இது பொருந்துமா? குறைக்கலாம் என்றால் எப்படிக் குறைப்பது?’ என்று கேள். அதுவரை தாங்க முடியாத நாள் வந்தால் 14416-க்குப் போன் போடு. டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

தடுப்பூசி விஷயத்தில் வதந்திக்கு ஆயுசு அதிகம்

1998-இல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மைக்கான முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதினார். இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் போட்டுவந்த ஊசி, 2003-04 வாக்கில் 80 சதவீதத்துக்கு இறங்கியது. தட்டம்மை திரும்பி வந்தது. அவர் தகவல்களைத் திரித்தது வெளியாகி, 2010-இல் கட்டுரை விலக்கப்பட்டது, அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துத் தொடர்பில்லை என்று மறுபடி உறுதி செய்தார்கள். கட்டுரையை விலக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. பயம் இன்னும் விலகவில்லை.

நம் ஊரிலேயே பார்த்தோமே. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் எத்தனை ஆடியோ, எத்தனை கதை. பள்ளிக்கூட வாசலிலிருந்தே பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போனார்கள் பெற்றோர். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இருதயம் பாதிக்கும் என்ற விஷயம் அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை. ஊசி பற்றிச் சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேள், அல்லது பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரைக் கேள். போன தடவை ஊசி போட்டபோது ஜுரம், தடிப்பு ஏதாவது வந்திருந்தால் அதைத் தேதியோடு தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவைத்துக் காட்டு. பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறு டாக்டரிடம் போ.

குருவிக்கு அழுதோம், கழுகைக் கவனிக்கவில்லை

சுற்றுச்சூழல் செய்தியில் நம் மனசு எங்கே போகிறது என்று பார். செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிகிறது என்று நம்பாத வீடு இல்லை. 2018-இல் ‘2.0’ படமும் வந்தபிறகு அது முடிந்த முடிவாகிவிட்டது. 2020-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வந்தது. 15,500-க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து, 867 வகைப் பறவைகளை அலசினார்கள். சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாததும், கூடு கட்டப் பொந்து இல்லாததும்தான் பொருத்தமான காரணமாகத் தெரிகிறது. டவரைத் திட்டுவது சுலபம், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். பூச்சி மருந்து அடிக்காமல் நாலு செடி வளர்ப்பதும், சுவரில் ஓர் ஓட்டையை அடைக்காமல் விடுவதும் நம் கையில் இருக்கிறது. அதைச் செய்வோம்.

அதே காலத்தில் நிஜமாகவே அழிந்தது பிணந்தின்னிக் கழுகு. நம் நாட்டில் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. காரணம், மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்று 2004-இல் லின்ட்சே ஓக்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கச் செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகும். 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது அரசு. கழுகில்லாமல் செத்த மாடுகள் கிடந்து அழுகி, தண்ணீர் கெட்டு, நாய்கள் பெருகி, 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். அவலட்சணமான பறவை என்று நாம் கண்ணெடுத்துப் பார்க்காத ஒன்று.

மாயாறு பள்ளத்தாக்கில் இந்தக் கழுகுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. உன் மாமியார் வீட்டில் மாடு இருக்கிறதல்லவா, கால்நடை டாக்டர் வலி ஊசி போடும்போது பெயரைக் கேள். மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்தாயிற்று. மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல். பொங்கல் லீவில் பிள்ளைகளோடு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள். கால் மணி நேரம் மாடியில் நின்று பார்த்ததை ஈபேர்டு செயலியில் பதிவு செய்தால் போதும். மேலே சொன்ன அறிக்கை அப்படிப்பட்ட பதிவுகளில்தான் உருவானது.

‘இவங்க தினம் ஒண்ணு சொல்லுவாங்க’ என்று சொல்லாதே

இத்தனை சொன்னதும் எதையுமே நம்ப வேண்டாம் என்று நினைத்துவிடாதே. அது இன்னும் மோசம். முட்டையை எடுத்துக்கொள். கொலஸ்ட்ரால் தினம் 300 மில்லிகிராமுக்குள் என்ற வரம்பை 2015-இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி எடுத்துவிட்டது. 2019-இல் ஓர் ஆய்வு முட்டை கூடினால் இருதய நோய் கூடுகிறது என்றது. 2020-இல் இன்னொன்று, தினம் ஒன்று வரை சம்பந்தமில்லை என்றது. குழப்பம்போலத் தெரியும். இவையெல்லாம் சாப்பிடுகிறவர்களைத் தள்ளி நின்று கவனித்துச் சொன்னவை. முட்டையோடு அவர்கள் வேறென்ன சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதை முழுக்கப் பிரித்தெடுப்பது கஷ்டம். வித்தியாசம் இவ்வளவு நூலிழையில் இருந்தாலே அது பெரிய ஆபத்தில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வளரும் பிள்ளைக்கு முட்டையைக் கொடு. சுகரோ கொலஸ்ட்ராலோ இருக்கிற அப்பாவுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வை.

சிகரெட்டில் அப்படியில்லை. 1950-இல் டோல், ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரிட்டனில் எழுதியதிலிருந்து பார்த்தவர்களெல்லாம் ஒரே பக்கம்தான் சொன்னார்கள். ‘இன்னும் முடிவாகவில்லை’ என்ற எண்ணத்தை 1954-இல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் பரப்பின. ‘தினம் ஒண்ணு சொல்லுவாங்க’ என்ற சலிப்பு யாருக்கு லாபம் என்று அதிலிருந்து தெரிகிறது. ஓர் ஆய்வைப் பார்க்காதே, பல ஆண்டு பல நாட்டில் பலர் பார்த்தது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்.

மிகைப்படுத்துவது பத்திரிகை மட்டும் என்றும் நினைக்காதே. 2014-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 462 பத்திரிகைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழகங்களே வெளியிட்ட குறிப்புகள் அவை. அவற்றில் 40 சதவீதத்தில், ஆய்வில் இருந்ததைவிட அழுத்தமான அறிவுரை இருந்தது. பெரிய கல்லூரியின் பெயர் இருக்கிறது என்பதற்காகவும் கண்ணை மூடி நம்பாதே.

நடை பற்றியும் ஒன்று சொல்கிறேன். தினம் 10,000 அடி என்பது 1960-களில் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த எண். 2019-இல் சராசரி 72 வயதான 16,741 பெண்களைப் பார்த்ததில், 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களுக்கே இறப்பு வாய்ப்பு நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நம் அம்மா பத்தாயிரம் முடியவில்லையே என்று நடையையே விட்டுவிட்டாள். வாசலிலிருந்து கோயில்வரை போய்வரட்டும், போதும் என்று சொல்.

குடும்ப குரூப்பில் வந்தால்

பெரியப்பா காலையில் ஒரு ஃபார்வர்ட் போட்டார் என்றால், எல்லார் முன்னாலும் ‘இது பொய்’ என்று போடாதே. வயசான மனுஷர், அக்கறையில்தான் போட்டிருக்கிறார். அங்கே வாதம் வந்தால் அவர் கருத்து மாறாது, உன் மேல் மனத்தாங்கல்தான் மிஞ்சும். தனியாகப் போன் போட்டு, ‘பெரியப்பா, அதைப் படித்தேன். உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடவில்லையே?’ என்று முதலில் அதைக் கேள். நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, எப்படி மறுபடி தொடங்குவது என்று கேட்கச் சொல். செய்தி சரியா தப்பா என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். யார் செய்த ஆய்வு, எந்த ஊரில், எத்தனை பேரிடம் என்று அவரிடமே கேட்டுப் பார். அந்த ஃபார்வர்டில் அது இருக்காது, அவரே தேட ஆரம்பிப்பார். சரியான தகவல் கிடைத்ததும் குரூப்பில் அவரையே போடச் சொல், நீ போடுவதைவிட நாலு பேர் கேட்பார்கள்.